உப்புத் தண்ணீரில் கிடந்த கோழி

என் மகனுக்கு, அல்லாஹ்வின் ஸலாம் உன்மேலும், உன்னோடு ஒரே அறையில் படுத்தெழும்புகிற மற்றப் பிள்ளைகள் மேலும் இறங்கட்டும். நீ தோஹாவில் இறங்கிய செய்தியும் வேலையில் ஏறிய செய்தியும் கிடைத்தன. அறையில் ஆளுக்கொரு நாள் சமையல் என்றும், உன் முறை வெள்ளிக்கிழமை என்றும், அன்றைக்குக் கோழிதான் என்றும் எழுதியிருந்தாய். கரண்டில் சுடுகிற போறணை அடுப்பு இருக்கிறதாம். அதில் வைத்தால் மேலே கருகி, உள்ளே விறகுபோல் வரண்டு போகிறதாம். கூட இருக்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். இதை உன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "உப்புத் தண்ணியில போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். பிறகு எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு வளவுப் பக்கம் போய்விட்டார். நான் உன் கடிதத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அந்தச் சொல் நம் வீட்டில் கேட்டு எத்தனையோ காலம்.

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோழியைத் தோலோடு, முழுசாக வாங்கு. உப்பைக் கொஞ்சம் சுடுதண்ணீரில் கரைத்து, அதைப் பச்சைத் தண்ணீரில் சேர்த்து, நன்றாக ஆறவிடு. வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார். முகம் சுளிக்க வேண்டும், ஆனால் துப்பக் கூடாது. அந்த உவர்ப்புத்தான் அளவு. கோழி முழுக்க அமிழ வேண்டும். மிதந்தால் ஒரு பீங்கானைக் கவிழ்த்து வை. உங்களிடம் பிரிட்ஜ் இருக்கிறதாம், அதற்குள் இரவு வைத்துக் காலையில் எடு. எடுத்ததும் ஒரு தண்ணீரில் அலசி, சீலைத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றி எடு. அவசரப்படாதே, தோல் காய வேண்டும், ஈரத்தோடு வைத்தால் அது அவிந்து போகும். பிறகு மிளகும் அரைத்த உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் பூசு. உப்பு மறுபடி போடாதே, நான் ஒரு தடவை போட்டு நாய்க்குத்தான் வைத்தேன். அவ்வளவுதான் வேலை. இது உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். கேளாமல் நம்புகிற பிள்ளையாக உன்னை நான் வளர்க்கவில்லை.

உனக்குக் கலியாணம் முடிந்து மருதாணி மங்குவதற்குள் வெளிக்கிட்டுப் போய்விட்டாய். உன் மனைவி சாய்ந்தமருதில் தன் தாய் வீட்டில் இருக்கிறாள். போன கிழமை அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகச் சிரித்தாள். ஆனால் நீ அறையில் யார் யாரோடு இருக்கிறாய், வெள்ளிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சும்மா கேட்டன் மாமி" என்றாள். சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கேட்டவள்தான். ஆகவே ஒரு கதையை உனக்குச் சொல்லி வைக்கிறேன். இதை நீ கேள்விப்பட்டிருக்க வழியில்லை. அப்போது நீ காத்தான்குடி மத்ரஸாவில் தங்கி ஓதிக்கொண்டிருந்தாய். பெருநாளைக்குத்தான் வீட்டுக்கு வருவாய்.

உன் வாப்பா குவைத்துக்குப் போனது ஒரு வீட்டின் காரோட்டியாக. அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். போனவர் தவணை முடிந்துதான் வருவார் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருக்க, ஒரு நாள் மத்தியானம் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். முன்கூட்டி ஒரு சொல் இல்லை. "என்ன இப்பிடித் திடீரெண்டு?" என்றேன். "அங்க வேல முடிஞ்சிட்டு" என்றார். வேலை எப்படி முடியும்? கார் ஓடுகிற வீட்டில் காரும் இருக்கும், வீடும் இருக்கும், வேலை மட்டும் எப்படி முடியும்? அன்றைக்கே என் நெஞ்சில் ஒரு முள் ஏறியது. ஆள் மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துக் கதைக்காமல், எனக்குப் பின்னாலிருக்கிற சுவரைப் பார்த்துக் கதைத்தார்.

வந்து முதல் வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடிக்குப் போனால், நிழலில் என் பெரிய மண்பானை. அதைச் சுற்றி ஈரச் சாக்கு. மூடியைத் தூக்கினேன். உள்ளே உடுப்பில்லாத பிள்ளைபோல ஒரு கோழி அமிழ்ந்து கிடக்கிறது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அடுப்படிக்குள் கால் வைக்காத மனிதர். அவர் பின்னால் வந்து நிற்கிறார்.

"இது என்ன?"

"கோழி."

"கோழி எண்டு தெரியிது. தண்ணிக்குள்ள என்ன செய்யிது?"

"உப்புத் தண்ணி. ஊறுது."

"கோழியும் ஊறுமா?"

"ஊறும். நீ பேசாம இரி புள்ள. ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்து காட்டுறன்."

காட்டினார். கோழியை எடுத்து அலசி, குளித்த பிள்ளையைத் துடைப்பதுபோல் அக்குள், தொடை இடுக்கு எல்லாம் சீலையால் ஒற்றி, காற்றுப்பட வைத்து, பிறகு சட்டியில் இறக்கி, அடியிலும் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போட்டு வாட்டி எடுத்தார். நம் ஊர்க்கோழி எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், பல்லுக்கு வேலை வைக்கும். அன்றைக்கு எலும்பு வரைக்கும் ஈரம். தொட்டால் பிரிகிறது. உப்பு மேலே பூசினதுபோல் இல்லை, உள்ளுக்குள் பிறந்ததுபோல் இருக்கிறது. நல்ல ருசி மகன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு ஒரே யோசனை. இது யாருடைய கைப்பழக்கம்? முட்டை அவிக்கத் தெரியாத மனிதருக்கு, கோழியின் அக்குளைத் துடைக்க யார் பழக்கினது?

கேட்டேன். கூட்டாளி ஒருவன் என்றார். அடுத்த வெள்ளி மறுபடி கேட்டேன். எகிப்துக்காரன், ஹோட்டலில் வேலை செய்தவன் என்றார். அதற்கடுத்த வெள்ளி ஒரு மலையாளி என்றார். "ஒரு கோழிக்கு எத்தின உஸ்தாத்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு எழும்பிப் போனார். பக்கத்து வளவிலிருந்த உன் பெரியம்மாவிடம் சொன்னேன். என் ராத்தா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் கெட்டிக்காரி. "ஆம்புள ஆம்புளையிட்டக் கோழி துடைக்கப் படிக்கிறயா? நடக்கிற கதையக் கதை. அடுப்படிப் பழக்கம் அடுப்படியிலதான் வரும் தங்கச்சி. அடுப்படியில ஆரு நிண்டிருப்பா எண்டு யோசி" என்றாள். யோசித்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் நானே உப்புக் கரைக்கப் போனேன். அவர் பக்கத்தில் நின்று, "கையால அள்ளிப் போடாத. சுடுதண்ணியில கரைச்சு ஆற வெச்சு ஊத்தணும். சும்மா போட்டா அடியிலயே நிண்டுரும் எண்டு சொல்லுவா" என்றார்.

உப்புச் சிரட்டையைக் கீழே வைத்தேன்.

"ஆரு?" என்றேன்.

"ஆரு ஆரு?"

"சொல்லுவா எண்டீங்களே. அந்தச் சொல்லுறவ ஆரு?"

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். "வீட்டு மடம்" என்றார். வீட்டு எசமானியை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.

"தண்ணிக் கிளாச எடுத்துக் குடுக்கவும் ஆள் வெச்சிரிந்த மடம் எண்டு நீங்கதானே சொன்ன? அவ உங்களுக்குக் கோழி ஊறப்போடப் பழக்கினயா?"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகன், ஒரு பதில் பொய்யாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடிக்கலாம். பதிலே இல்லாவிட்டால் மனம் தானாக ஒவ்வொன்றாய்க் கட்டிக்கொள்ளும். நான் கட்டினேன். அவர் பெட்டியைக் கிளறினேன், சட்டைகளை முகர்ந்தேன், சாரன் மடிப்புகளை உதறினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிப் போனது. இவ்வளவு துப்புரவாக ஒரு மனிதர் வருவதென்றால், எதையோ கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து இருக்கிறவர். நீ இப்போது சாய்ந்தமருதில் அப்படித்தான். அது எனக்கு அப்போது பெரிய தைரியம். வருகிற வெள்ளிக்குள் அவர் வாய் திறக்காவிட்டால் பெட்டியை வாசலில் வைப்பதென்று முடிவெடுத்தேன். ராத்தாவிடமும் சொல்லி வைத்தேன். அவளும், "வை, நானும் ஒரு கை பிடிக்கிறன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் அவர் வழமைபோல் கோழியைப் பானைக்குள் இறக்கிவிட்டு, தலைமயிர் வெட்டப் பஸாருக்குப் போய்விட்டார். நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸலாம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக ஒரு மனிதர், கையில் குடை. கண்ணியமான தோற்றம். நான் சீலைத் திரைக்குப் பின்னால் நின்று பதில் சொன்னேன்.

"குவைத்தால வந்த டிரைவர்ர வீடு இதானே?"

"ஓம். அவர் இல்ல. நீங்க ஆரு?"

"நான் அக்கரைப்பற்று. அவரோட ஒரு கத இரிக்கி." சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நான் இருக்கச் சொல்லவில்லை. "எண்ட மனிசியும் குவைத்தில ஒரு வீட்டில வேலைக்கு நிண்டவ. கொஞ்ச மாசத்துக்கு முந்தித்தான் வந்தா. எங்கட ஊருப் பொடியன் ஒருத்தன் அங்கயிரிந்து லீவில வந்து, தேத்தண்ணிக் கடையில வெச்சு ஒரு கத சொல்றான். அவ நிண்ட வீட்டில இந்தக் கல்முனக்குடி டிரைவர் ஒருத்தர் இரிந்தவராம். அவ அந்த வீட்ட விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, அடுப்படியில அவர்தான் நிண்டவராம். விருந்துக்குக் கோழியெல்லாம் அவர்தான் வெச்சவராம்."

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் தேடின பெண் இதோ. பெட்டியில் தேடி, சட்டையில் தேடிக் கிடைக்காதவளைப் புருஷனே கொண்டுவந்து என் வாசலில் வைக்கிறான்.

"இன்னொண்டும் கேக்கணும் தங்கச்சி," என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "வந்த நாளையிலிருந்து எண்ட மனிசி கோழிய உப்புத் தண்ணிக்குள்ள போட்டுத்தான் ஆக்கிற. ஆரு பழக்கின எண்டா அந்த வீட்டுக் கிழவி எண்டுறா. நான் நம்பல்ல. கேக்கிற மாதிரியெல்லாம் கேட்டுப் பாத்துட்டன், அதுக்கு மேல சொல்றால்ல." இதைச் சொல்லும்போது இடது உள்ளங்கையால் வலக்கை விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தார். நாள்பட்ட வலியைத் தடவுகிறவரைப்போல. "உங்கட வீட்டில அப்பிடி ஒரு பழக்கம் இரிக்கா? உங்கட மனிசர் ஆக்கிறவரா?"

நான் திரை இடுக்கால் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் அவரும் ஒரே கேள்வியைத்தான் சுமந்து திரிந்தோம். ஒரே பானைக்குள்தான் எட்டிப் பார்த்தோம். நான் பெட்டி கட்டினேன். அவர் கேட்ட விதம் அந்த முட்டிகளில் இருந்தது. நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் எனக்கு வேண்டிய உண்மை கிடைத்துவிடும். அவர் மத்தியான பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குத் திரும்பிப் போவார். போன பிறகு அங்கே என்ன நடக்கும்? அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இரக்கம் இருந்ததென்று நினைக்காதே. அவளை நான் வெறுத்தேன். ஆனால் அந்தக் கைக்கு என் வாயால் வேலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எங்கட வீட்டில கோழிய அறுத்த கையோட கறி ஆக்கிற" என்றேன். "உப்புத் தண்ணிக்குள்ள போட இதென்ன கருவாடா?"

அவர் எழும்பி, "வெயிலில வந்த, கிணத்தடியில முகம் கழுவட்டா?" என்றார். பானை அங்கேதான் இருந்தது. "அங்கால பொம்புளயள் குளிக்கிற. தண்ணி நான் தாறன், இரிங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்வேலி இடைவெளியால் ராத்தா வருகிறாள், வரும்போதே கத்துகிறாள்: "தங்கச்சி! பானைய ஒழுங்கா மூடினயா? பூன ஒண்டு சுத்தித் திரியிது!"

"என்ன பானை?" என்றார் அவர்.

"மீன்" என்றேன்.

ராத்தா திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். திரை இடுக்கால் அவரைப் பார்த்தாள். எல்லாவற்றையும் வாயில் போட்டு மெல்லுகிற என் ராத்தா, அன்றைக்குச் சொல்ல வேண்டாததைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவர் அவளிடமும் கேட்டார்: "ராத்தா, இந்த வீட்டுக்காரர் கோழி ஆக்கிறவரா?"

"ஆரு, எங்கட மச்சானா?" என்று அவள் சிரித்தாள். "அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இரிக்கி எண்டே தெரியா. நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க. குவைத்தால வந்த டிரைவர் இந்த ஊருல எத்தினயோ பேர்."

நான் திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டித் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். ஒழுங்கை திரும்பும் வரைக்கும் நாங்கள் இருவரும் அசையவில்லை. பிறகு ராத்தா நிலத்தில் குந்திவிட்டாள்.

"ஏன் புள்ள பொய் சொன்ன?" என்றாள்.

"நீ ஏன் சொன்ன?"

"அவன் கையத் தடவின விதத்தப் பாத்தன்" என்றாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ராத்தாவின் வாயிலிருந்து வெளியே ஒரு சொல் போனதில்லை. அதைப் பற்றி மட்டும் எனக்கு அவள்மேல் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

உன் வாப்பா ஜும்ஆ முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, கோழியை எடுத்துத் துடைக்கக் குந்தினார். நான் முன்னால் போய் நின்று, "அக்கரைப்பற்றால ஒரு மனிசர் வந்து போனார். அவர்ர மனிசி குவைத்தில நிண்டவவாம்" என்றேன். சீலை அவர் கையிலேயே நின்றது. முதலில் அவர் கேட்டது என்ன தெரியுமா? "அவ உசிரோட இரிக்காவா?" அதுதான். அந்த நேரம் எனக்கு எரிந்த எரிச்சலுக்கு, அந்தப் பானையையே தூக்கி உடைத்திருப்பேன். "நான் என்ன சொல்லியனுப்பினன் எண்டு கேளுங்க முதல்ல" என்றேன். சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

அந்தப் பெண் பெயர் ஜெஸீமா. அவர் கார் ஓடின வீட்டில் வேலைக்காரி. தவணை முடிந்தும் மடம் அவளை ஊருக்கு விடவில்லை. வெளிப்படலை எப்போதும் பூட்டு. மடம் கை நீட்டுகிறவள். காரோட்டிக்கு வீட்டுக்குள் போக அனுமதி இல்லை. அடுப்படியின் பின் ஜன்னலில் கம்பி, சாமான் வாங்கி வந்து அந்தக் கம்பியால்தான் கொடுக்க வேண்டும். தமிழ் கதைக்கிற ஆள் என்று அறிந்த பிறகு அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுவாளாம். ஒரு பெரிய விருந்து வந்தது. கார்கள் வந்து போகிற நாள், படலை திறந்தே கிடக்கும். விருந்தாளிப் பெண்களின் கறுப்பு உடுப்புகளுக்குள் தானும் ஒருத்தியாக வெளியே நடந்து, தன்னை வேலைக்கு எடுத்த ஏஜென்சிக்காரரின் கந்தோருக்குப் போய்விட்டால், அவர்கள் பேசி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அடுப்படியிலிருந்து மணம் வராவிட்டால், சாப்பாட்டுத் தட்டு வராவிட்டால், மடம் உடனே எழும்பி வருவாள். "தட்டு வந்தா ஒருத்தரும் எழும்ப மாட்டாங்க காக்கா" என்று, கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல் சொன்னாளாம். முதல் நாளே கோழிகளை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, இந்த மனிதருக்குக் கம்பியின் ஊடாகவே எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எப்படி அலசுவது, எப்படித் துடைப்பது, எந்த நிறம் வந்தால் இறக்குவது. அந்த வீட்டுக் கிழவி அவளுக்குப் பழக்கியதுதான். அவள் புருஷனிடம் சொன்னது உண்மை.

அன்றைக்கு அவள் வெளிக்கிட்டதும் உன் வாப்பா பின்கதவால் உள்ளே போய், வாழ்க்கையில் முதல் தடவை அடுப்படியில் நின்று கோழி வாட்டினார். தட்டுத் தட்டாக ஆண்கள் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தார். விருந்து நாளில் வெளியே இருக்கிற ஆண்களுக்குத் தட்டுத் தூக்குவது அவர் வேலைதான், ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை. விருந்தாளிகள் புகழ்ந்தார்களாம். மடம் ஜெஸீமாவைக் கூப்பிட்டபோது அவள் போய் வெகு நேரம். ஆக்கினது யார் என்று கேட்க, "நான்" என்றிருக்கிறார். வேலை போனது. ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"இத ஏன் எனக்கிட்ட மறைச்ச?" என்றேன்.

"வெளிக்கிட முந்திச் சத்தியம் வாங்கினா. 'ஊருல ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்க காக்கா, உங்கட வீட்டிலயும் சொல்லாதீங்க, எண்ட மனிசன் சந்தேகக்காரன், ஆம்புள ஒருத்தர் உதவின எண்டு தெரிஞ்சா என்ன வெக்க மாட்டான்' எண்டா."

"அப்ப இஞ்ச வந்தும் என்னத்துக்கு அந்தக் கோழியே?"

அவர் மடியில் கிடந்த கோழியைப் பார்த்தார். "அண்டைக்கு அவ்வளவு பேரும் திண்டாங்க. எனக்குப் பயத்தில ஒரு துண்டு வாயில வெக்க ஏலல்ல. அதென்ன ருசி எண்டு தெரியணும் எண்டு இரிந்திச்சு. பிறகு நீயும் திண்ட. உனக்குப் பிடிச்சிரிந்த மாதிரிக் கிடந்திச்சு."

அன்று அந்தக் கோழியை நாங்கள் மூன்று பேரும், ராத்தாவும் சேர்த்துத்தான், கதைக்காமல் தின்றோம். அதற்குப் பிறகு நம் வீட்டில் அது நின்றது. ஊரில் ஒரு வாய் போதும், ஒரு சின்னப் பிள்ளை போய் எங்கேயாவது சொன்னால் போதும். அதனால்தான் நீ அதைத் தின்றதில்லை. போன நோன்புக்கு முன் அந்த அக்கரைப்பற்று மனிதர் மௌத்தாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும். அதற்குப் பிறகும் அந்தச் சொல்லை எடுக்காதவர், இப்போதுதான் உனக்காக எடுத்தார்.

நீங்கள் நம்பினீர்களா உம்மா என்று நீ கேட்பாய். பாதி நம்பினேன். மறுபாதியை நம்ப எனக்கு என் கண் வேண்டியிருந்தது. சந்தேகப்பட்டது பிழையென்று நான் சொல்ல வரவில்லை. வருகிறதை யார் தடுக்கிறது? நான் அடுத்த கிழமை மருதமுனையில் தறி வைத்திருக்கிற நம் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்சம் சாரி வாங்கி, பையில் போட்டுக்கொண்டு, அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினேன். குவைத்தால் வந்த பெண்ணின் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், அந்தக் காலத்தில் அது அவ்வளவு அருமையான விஷயம். பின்பக்க வாசலால் போய் நின்றேன். ஒரு பெண் உரலடியிலிருந்து எழும்பி வந்தாள். என்னைவிட இளையவள், சின்ன முகம். அழகிதான், அதையும் முதலில் பார்த்தேன். பிறகு அவள் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். உடைந்து, சரியாகப் பொருந்தாமல், கொஞ்சம் வளைந்து நின்றது. அது குவைத்தில் உடைந்ததா, அந்த வீட்டில் உடைந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முன்பக்கத்திலிருந்து, "ஆரது?" என்று அந்தக் குரல். அவர் என் முகத்தைக் கண்டதில்லை, குரலைக் கேட்டவர். நான் வாய் திறக்கவில்லை. "சாரி விக்கிற பொம்புள" என்று அவளே சொன்னாள். நான் பாயில் சாரிகளை விரித்தேன். அவள் குனிந்து கரையைத் தடவிப் பார்த்து, "எந்த ஊர்ச் சாரி ராத்தா?" என்றாள்.

"துணி மருதமுனை. நான் கல்முனக்குடி" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன்.

அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது. சாரி மடிப்புக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளைந்த கைதான். நெருப்புப்போல் சுட்டது.

"உங்கட மனிசர்ட முகத்த நான் நல்லாக் கண்டதும் இல்ல ராத்தா. கம்பிக்கு அங்கால நிழலிலதான் நிப்பார். 'தங்கச்சி, எந்த நெறம் வந்தா எறக்கிற' எண்டு ரெண்டாந்தரமும் கேட்டார், பயத்தில மறந்துட்டாராம். நான் போகும்போது அவர் அழுதார். அவ்வளவுதான். அல்லாஹ்மேல சத்தியமா அவ்வளவுதான்."

அவர் அழுததை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நான் வேறொன்று கேட்டேன். "இப்பவும் அடிக்கிறாரா?"

"உங்கட ஊருக்கு வந்து போன பிறகு ஒரு மாதிரி அடங்கிட்டார். 'ஆள் மாறிப் போச்சு' எண்டு தானாச் சொன்னார்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. முன்பக்கத்தில் கதிரை அரைபட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "இந்த நெறம் எனக்குச் சரிவராது ராத்தா, வேற கொண்டாங்க" என்றாள். நான் சாரிகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து யோசித்தேன். அவள் சொன்னதும் பொய்யாக இருக்கலாம்தானே? நானும் அவள் புருஷனிடம் முகம் மாறாமல் பொய் சொன்னவள்தானே? காரைதீவு தாண்டும் வரைக்கும் அப்படித்தான் யோசித்தேன். சாய்ந்தமருதில் பஸ் நின்றபோது, யோசிக்கக் களைத்துப் போயிருந்தேன். அந்தக் களைப்போடு வீட்டுக்கு வந்தேன். நம்பிக்கை என்று சிலர் பெரிதாகச் சொல்கிறது எனக்கு அன்றைக்கு அந்தக் களைப்பாகத்தான் வந்தது.

வீட்டில் உன் வாப்பா இருந்தார். "எங்க போன?" என்றார். "ஆசுபத்திரிக்கு, ராத்தாட மகளப் பாக்க" என்றேன். ராத்தாவின் மகள் அப்போது எங்கள் வேலியோரம் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். சாரிப் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "வெயிலில வந்திரிக்காய், இரி" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்திருப்பேன்.

ஆகவே மகன், நீ என்ன வேலை செய்கிறாயோ அதை உன் மனைவிக்கு உள்ளபடி எழுது. தட்டுக் கழுவினால் தட்டுக் கழுவுகிறேன் என்று எழுது. யாருடைய இரகசியத்தையாவது சுமக்க வேண்டி வந்தால் சுமக்கத்தான் வேண்டும். ஆனால் சுமக்கிறேன் என்பதையாவது அவளிடம் சொல்லிவிடு, வீட்டில் இருக்கிறவள் அதற்குப் பேர் தானாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கு வந்து அவளுக்குக் கோழி வாட்டிக் கொடுக்கும்போது ஆரு பழக்கின என்று கேட்பாள். உம்மா என்று சொல். நம்ப மாட்டாள். என்னிடம் வந்து கேட்கச் சொல். அவள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுகிறேன்.

வாசித்துவிட்டு இதைக் கிழித்துவிடு, அறையில் போட்டு வைக்காதே. தபாலுக்குத் தானே கொண்டுபோகிறேன் என்று உன் வாப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவர் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் உறைக்குப் பசையைக் கொஞ்சம் கூடத்தான் தடவுகிறேன்.

உன் உம்மா